மார்புப் படமும் மறைகின்ற கரையும்

(காஞ்சீபுரத்தில் பட்டு நெசவுத் தோழர்கள் கூட்டிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவு)



சுயமரியாதைக்காரன் பேசுகிற கூட்டம் என்றால் புராணத்திலுள்ள ஆபாசத்தையோ, புரோகிதர்களின் புரட்டையோ எடுத்துச் சொல்லுவான் என்று எதிர்பார்த்துத்தான் உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அவற்றைப் பற்றியும் பேசாமல் விடமாட்டேன். ஆனால் இன்று நான் எடுத்துக் கொண்ட விஷயம் வேறு. பெண்களுடைய மார்பில் உண்டாகிற புற்றுநோயைப் பற்றியும், அதைக் கண்டுபிடிக்க எடுக்கிற எக்ஸ்ரே படத்தைப் பற்றியும், அந்தப் படத்தின் ஓரம் சரியாகத் தெரியாமல் போவதால் வரும் கேட்டைப் பற்றியும், அது எப்படித் திருத்தப்பட்டு வருகிறது என்பதைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

இதைக் கேட்டவுடன் சில நண்பர்கள், “என்ன ஐயா, நாலு பேர் கூடிய இடத்தில், தாய்மார்கள் இருக்கும்போது, மார்பு என்று பேசுகிறீரே, வெட்கமில்லையா?” என்று கேட்கக்கூடும். அவர்களை நான் திருப்பிக் கேட்கிறேன். இந்த ஊர்க் கோவில் தூண்களிலும் கோபுரங்களிலும் பெண் உருவங்களை எந்தக் கோலத்தில் செதுக்கி வைத்திருக்கிறான்? குழந்தை குட்டிகளோடு போய் அவற்றைப் பார்த்து விட்டுக் கன்னத்தில் போட்டுக் கொண்டு வருகிறீர்களே, அங்கே வராத வெட்கம் இங்கே மட்டும் ஏன் வருகிறது? புலவன் மார்பை வருணித்தால் இலக்கியம். சிற்பி செதுக்கினால் கலை. அதே உறுப்பில் கட்டி வந்து ஒரு தாய் சாகப் போகிறாள், வைத்தியம் செய் என்று சொன்னால் அது மட்டும் ஆபாசமா? இந்தப் போலி வெட்கம்தான் பெண்களைக் கொல்லுகிறது என்பதே என் அபிப்பிராயம்.

எத்தனை பேரைக் கொல்லுகிறது என்பதைக் கேளுங்கள். உலகப் புற்றுநோய்க் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் புதிதாக மார்புப் புற்று கண்ட பெண்கள் சுமார் 1,92,000 பேர். அந்த ஓராண்டில் அந்த நோயால் இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். இந்நாட்டுப் பெண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் முதலிடம் இதற்குத்தான். கட்டி சிறியதாக இருக்கும்போதே கண்டுகொண்டால் பெரும்பாலோரைப் பிழைக்க வைக்கலாம். நம் நாட்டில் பலர் கட்டி பெரிதாகி, புண்ணாகி, அக்குளிலும் பரவிய பிறகுதான் ஆஸ்பத்திரி வாசற்படியை மிதிக்கிறார்கள். ஏன் அவ்வளவு காலம் தாமதம்? பணமில்லை என்பது ஒரு காரணம். கூலி போகிறதே என்பது இன்னொரு காரணம். இவை நியாயமான காரணங்கள், இவற்றுக்குப் பின்னால் வருகிறேன். ஆனால் எல்லாவற்றிற்கும் மேலான காரணம், சொல்ல வெட்கம், கேட்கப் பயம், “தலைவிதி” என்கிற எண்ணம் ஆகிய மூன்றுமேயாகும்.

பல்லியும் வரிசையும்

நம் ஊர் வரதராஜப் பெருமாள் கோவிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி என்று இரண்டு இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் தோஷமும் நோயும் போகும் என்கிறார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து தொட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பல்லியைத் தினந்தோறும் காவல் காக்கிறவனுக்கு நோய் வந்தால் அவன் எங்கே போகிறான்? ஆஸ்பத்திரிக்குத்தானே போகிறான்! அதே கோவிலில் 40 ஆண்டுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எடுக்கிற அத்தி வரதரைப் பார்க்க 2019-ஆம் ஆண்டில் 48 நாட்கள் லட்சக்கணக்கான மக்கள் வெயிலில் வரிசை நின்றார்கள். முழங்கால் வலிக்கிற கிழவிகூட மணிக்கணக்கில் நின்றாள். நான் அவர்களைக் கேலி செய்யவில்லை. ஒரு மரப்பொம்மைக்காக ஒரு பகல் முழுவதும் நிற்கத் தெரிந்த நம் தாய்மார்களுக்குத் தங்கள் உயிருக்காக ஒரு மணி நேரம் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாதா என்றுதான் கேட்கிறேன்.

“முன்ஜென்ம பாவத்தால் மார்பில் கட்டி வருகிறது” என்று சொல்லுகிறான் ஒருவன். ஆண்களுக்கும் இந்த நோய் வருகிறது, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில். பாவமும் புண்ணியமும் ஆண் பெண் பார்த்து 99-க்கு 1 என்று கணக்குப் போட்டா வருகிறது? வயது, உடலின் சுரப்பு நீர்கள், சிலருக்குப் பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு, குடி, உடல் பருமன் இவைகளெல்லாம் காரணங்கள் என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். இதில் பாவத்துக்கு இடம் எங்கே இருக்கிறது?

படம் வந்த வரலாறு

நிற்க, மார்பை எக்ஸ்ரே எடுக்கிற வித்தை எப்படி வந்தது என்று பார்ப்போம். எந்த ரிஷியும் ஞான திருஷ்டியால் கண்டதல்ல. 1895-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டார். 1913-ல் பெர்லின் நகரத்து அறுவை வைத்தியர் ஆல்பர்ட் சாலமன், வெட்டி எடுக்கப்பட்ட சுமார் 3,000 மார்புகளை எக்ஸ்ரே எடுத்து, புற்று எப்படிப் பரவுகிறது என்று படத்தோடு எழுதினார். அந்தப் பெரியவருக்கு அவருடைய நாடு என்ன மரியாதை செய்தது தெரியுமா? யூதராகப் பிறந்தார் என்பதற்காக ஹிட்லர் ஆட்சியில் சிறை முகாமில் அடைத்தது. அவர் தப்பிப் பிழைத்தார். ஓவியரான அவருடைய மகள் ஷார்லட் 1943-ல் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் மாண்டார். பிறவியினால் மனிதனைத் தாழ்த்துகிற நாடு தனக்கு அறிவு கொடுத்தவனையே கொல்லத் துணியும் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா? ஜாதி பேசுகிற நம் நாட்டார் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு 1930-ல் அமெரிக்காவில் வாரன் என்பவர் உயிரோடிருக்கும் பெண்களின் மார்பைப் படமெடுத்துப் பார்த்தார். 1950-ஐ ஒட்டி, உருகுவே என்கிற சிறு நாட்டில் லெபோர்ன் என்ற வைத்தியர், மார்பை அழுத்திப் பிடித்துப் படமெடுத்தால் தெளிவாயிருக்கிறது என்றும், உப்புத் தூள் போன்ற சின்னஞ்சிறு சுண்ணப் பொடிகள் புற்றுக்கு அடையாளமாகலாம் என்றும் எடுத்துக் காட்டினார். 1960-ல் அமெரிக்காவில் ஈகன் என்பவர் யாரும் திரும்பச் செய்யக்கூடிய ஒழுங்கான முறையை வகுத்தார். 1960-களில் பிரான்சில் குரோ என்பவர் மார்புக்கென்றே தனி யந்திரம் அமைத்தார். பாருங்கள் தோழர்களே! ஒருவர் செய்ததில் குறை கண்டு அடுத்தவர் திருத்தினார். குறை சொன்னவரை நாஸ்திகன் என்று யாரும் வையவில்லை. வேதத்தில் குறை சொன்னால் நாக்கை அறு என்கிறான். விஞ்ஞானத்தில் குறை சொன்னால் உட்கார வைத்துக் கேட்கிறான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

கரையில் என்ன கோளாறு?

இப்பொழுது முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். நீங்கள் நெசவாளிகள். ஆகையால் உங்களுக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கும். காஞ்சீபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலையும் கரையையும் கோர்வை போட்டு நெய்ய மூன்று நாடா வேண்டும், தறியில் துணைக்கு இன்னொரு ஆள் வேண்டும். உடல் எவ்வளவு நேர்த்தியாயிருந்தாலும், கரை சேருகிற இடம் பிசகினால் சேலை விலை போகாது. சேலையைப் பார்க்க வருகிற வியாபாரி முதலில் எதைப் பிரித்துப் பார்க்கிறான்? கரையைத்தானே!

மார்புப் படத்திலும் தொல்லை கொடுத்தது கரைதான். எப்படியென்றால், எக்ஸ் கதிர் மார்பின் வழியாகப் போய் அடியிலுள்ள பிலிமில் விழுகிறது. கதிர் அதிகம் விழுந்த இடம் கறுக்கும். குறைய விழுந்த இடம் வெளுத்திருக்கும். மார்போ ஒரே கனமுள்ள பண்டமல்ல. உடம்பை ஒட்டிய பக்கம் கனம் அதிகம். தோலை நோக்கி வர வரக் கனம் குறைந்து, கடைசி ஓரிரண்டு சென்டிமீட்டரில் வழிந்து மெலிந்து போகிறது. நடுவிலுள்ள கனத்துக்குத் தக்கபடி கதிர் கொடுத்தால், மெல்லிய ஓரத்தில் கதிர் தாராளமாகப் புகுந்து படம் கருகிப் போகிறது. தோல் எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஓரம் தெரிய வேண்டும் என்று கதிரைக் குறைத்தால் நடுப்பகுதி வெள்ளைச் சுவராக நிற்கும். உள்ளேயிருக்கிற கட்டி தெரியாது.

வீட்டு வாசற்படியில் வெயிலுக்கு முதுகு காட்டி ஒருவனை நிறுத்திப் போட்டோ எடுத்துப் பாருங்கள். தெரு நன்றாயிருக்கும், அவன் முகம் கரியாயிருக்கும். முகம் தெரியும்படி எடுத்தால் தெரு வெளுத்துப் போகும். பிலிமுக்குத் தாங்கும் சக்தி ஓர் எல்லைக்குள்தான் உண்டு. வெளிச்சமும் இருளும் அந்த எல்லைக்கு வெளியே போனால் இரண்டிலும் நுணுக்கம் காணாமற் போய்விடும்.

“ஓரம் தெரியாவிட்டால் என்ன? நடுவில் தெரிந்தால் போதாதா?” என்று கேட்கலாம். போதாது. தோல் தடித்திருப்பது, தோல் உள்ளே குழிந்து இழுபட்டிருப்பது, காம்பு உள்வாங்கியிருப்பது இவையெல்லாம் ஓரத்தில் தெரிகிற அடையாளங்கள். உள்ளே புற்றிருந்தால் அதன் வேர் போன்ற நார்கள் தோலைப் பிடித்து இழுக்கும். தோலுக்கு அடுத்துச் சிறு கட்டி இருந்தால் கருகிய ஓரத்தில் அது ஒளிந்து கொள்ளும். இடது மார்பையும் வலது மார்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உருவம் ஒத்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் வைத்தியர் முதலில் செய்கிற காரியம். உருவத்தின் கோடே தெரியாவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

இன்னொரு கரையும் இருக்கிறது. அது உடம்பை ஒட்டிய பின்பக்கக் கரை. மார்பின் திசு அக்குள் வரைக்கும் நீண்டிருக்கிறது. அக்குள் பக்கத்து மேற்பாதியில்தான் புற்று அதிகமாக வருகிறது. படமெடுக்கும்போது பெண் கூச்சத்தால் தோளை இறுக்கிக் கொண்டு பின்வாங்கினால் அந்தப் பகுதி படத்திலேயே விழாமல் போகும். முன் கரை கருகினாலாவது அங்கே ஏதோ இருந்தது என்று தெரியும். பின் கரை விழாமற் போனால் இல்லாததைப் பார்த்து “ஒன்றுமில்லை” என்று எழுதி விடுவார்கள். அது எவ்வளவு பெரிய அபாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

திருத்திய வழிகள்

இந்தக் கோளாறை எப்படித் திருத்தினார்கள்? யாகம் செய்தா? இல்லை. ஒவ்வொன்றாக யோசித்துத்தான்.

முதலாவது, அழுத்திப் பிடிப்பது. ஒரு தட்டின்மேல் மார்பை வைத்து மேலே இன்னொரு தட்டால் அழுத்துகிறார்கள். வழக்கமாக 10 கிலோ முதல் 20 கிலோ வரை எடை வைத்தது போன்ற அழுத்தம். அழுத்தினால் கனம் சமமாகிறது, ஓரத்துக்கும் நடுவுக்கும் வித்தியாசம் குறைகிறது, உள்ளே ஒன்றின்மேல் ஒன்று கிடக்கிற திசுக்கள் பரவுகின்றன, அசைவு நிற்கிறது, கதிர் சிதறுவது குறைகிறது, கொடுக்க வேண்டிய கதிரின் அளவும் குறைகிறது. “நசுக்குகிறார்கள், கட்டி உடைந்து பரவிவிடும்” என்று யாரோ கட்டிவிட்ட கதையை நம்பி ஓடுகிற பெண்கள் உண்டு. அது பொய். வலி சிலருக்குக் கொஞ்சம் இருக்கும். சில விநாடிதான். தாங்க முடியாவிட்டால் சொல்லலாம், நிறுத்துவார்கள். மாதவிடாய் முடிந்த வாரத்தில் போனால் வலி குறைவாயிருக்கும்.

இரண்டாவது, கதிரின் குணத்தை மாற்றியது. நெஞ்சுக்கூட்டை எடுக்கிற கடுமையான கதிர் மார்புக்கு உதவாது. கொழுப்பு, பால் சுரப்பி, கட்டி எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியான மெல்லிய பண்டங்கள். ஆகவே 25 முதல் 30 கிலோவோல்ட் அளவில், மாலிப்டினம் என்கிற உலோகத்திலிருந்து மென்மையான கதிரை எழுப்பினார்கள். அன்றியும் எக்ஸ்ரே குழாயிலிருந்து வருகிற கதிர் எல்லாப் பக்கமும் ஒரே பலமாக இராது. ஒரு பக்கம் கொஞ்சம் பலம், ஒரு பக்கம் கொஞ்சம் பலவீனம். இதை ஒரு குறை என்று எண்ணியிருந்தார்கள். மார்பு யந்திரம் செய்தவர்கள் பலமான பக்கத்தைக் கனமான உடம்புப் பக்கத்துக்கும், பலவீனமான பக்கத்தை மெல்லிய காம்புப் பக்கத்துக்கும் திருப்பி வைத்து, குறையையே குணமாக்கிக் கொண்டார்கள். புத்தி என்றால் இதுவல்லவா புத்தி!

மூன்றாவது, பிலிம் காலத்தில் கருகிய ஓரத்துக்குப் பின்னால் மிகப் பிரகாசமான விளக்கை வைத்துப் பார்த்தார்கள். 1970-களில் ஜெராக்ஸ் முறையில் மின்னூட்டிய தகட்டில் படமெடுத்துக் காகிதத்தில் நீல நிறத்தில் பதித்தார்கள். அதில் ஓரங்கள் எடுப்பாகத் தெரிந்தன. ஆனால் கதிர் அதிகம் தேவைப்பட்டதாலும், மற்ற முறைகள் முன்னேறியதாலும் அது கைவிடப்பட்டது. பழையது என்பதற்காக யாரும் அதைக் கட்டிக் கொண்டு அழவில்லை.

நான்காவது, டிஜிட்டல் முறை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க சர்க்கார் முதல் டிஜிட்டல் மார்புப்பட யந்திரத்துக்கு அனுமதி கொடுத்தது. இதில் பிலிம் கிடையாது. கதிரை அளந்து எண்ணாக மாற்றுகிற தகடு இருக்கிறது. பிலிமைவிட எத்தனையோ மடங்கு பரந்த எல்லைக்குள் அது அளக்கும். ஆகவே மெல்லிய ஓரமும் கனத்த நடுவும் இரண்டுமே கணக்கில் பதிவாகிவிடும். பிறகு கம்ப்யூட்டர் ஓரத்தில் கனம் எவ்வளவு குறைந்து போகிறது என்று கணக்கிட்டு, அந்த அளவுக்குக் கறுப்பைக் குறைத்து, மார்பு முழுவதும் ஒரே கனமாயிருந்தால் எப்படித் தெரியுமோ அப்படிக் காட்டுகிறது. தோல் கோடு, காம்பு, நடுப்பகுதி எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. இன்று உங்கள் கைப்பேசியில் வாசற்படியில் நிற்கிறவன் முகமும் தெருவும் சேர்ந்து தெரிகிறதல்லவா? ஏறக்குறைய அதே யுக்திதான்.

டிஜிட்டல் முறை பிலிமைவிட மேலா என்று சும்மா வாயால் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 49,500 பெண்களுக்கு இரண்டு விதத்திலும் படமெடுத்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், மாதவிடாய் நிற்காதவர்களுக்கும், சுரப்பி நெருக்கமான மார்புள்ளவர்களுக்கும் டிஜிட்டலே மேல் என்று கண்டார்கள். தனக்குச் சாதகமில்லாத பாதியையும் மறைக்காமல் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் யோக்கியமான ஆராய்ச்சி.

ஆனால் ஒன்று. கம்ப்யூட்டரும் மந்திரவாதியல்ல. படத்தில் விழாததை அது உண்டாக்கித் தர முடியாது. தோளை இறுக்கியதால் தப்பிப்போன அக்குள் பகுதியை எந்தக் கணக்கும் கொண்டு வராது. ஓரத்தை அளவுக்கு மிஞ்சித் திருத்தினால் இல்லாத கோடு தோன்றவும், இருக்கிற நுணுக்கம் மழுங்கவும் கூடும். சாயம் சரியாக ஏறாத நூலை எவ்வளவு மெருகு போட்டாலும் சேலை தேறாது என்பது உங்களுக்குத் தெரியாததா? ஆகவே கடைசியில் எல்லாம் படமெடுக்கிற ஊழியரின் கைத்திறமையில் வந்து நிற்கிறது. மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் சாய்த்து ஒரு படம் என்று ஒவ்வொரு மார்புக்கும் இரண்டு படம் எடுக்க வேண்டும். காம்பு பக்கத் தோற்றத்தில் விழ வேண்டும். மார்புக்கு அடியிலுள்ள மடிப்பு விரிந்திருக்க வேண்டும். சாய்த்தெடுத்த படத்தில் நெஞ்சுத் தசை காம்பின் மட்டம் வரை இறங்கித் தெரிய வேண்டும். தோலில் சுருக்கம் விழக்கூடாது. இவ்வளவையும் பொறுமையோடு செய்கிறவர், கோர்வை போடுகிற நெசவாளிக்குச் சமமான தொழிலாளி.

தாலியும் தாயத்தும் பவுடரும்

இனி நம் வீட்டுச் சங்கதி. படமெடுக்கப் போகிற பெண்ணிடம் கழுத்திலிருப்பதைக் கழற்றி வை என்கிறார்கள். உலோகம் கதிரை மறைக்கும். தாலியோ சங்கிலியோ தட்டின்மேல் சரிந்தால் அந்த இடம் படத்தில் வெள்ளைக் கட்டையாக விழுந்து, அதன் பின்னாலிருப்பது தெரியாது. உடனே அந்த அம்மாள் நடுங்குகிறாள்: “ஐயையோ! தாலியைக் கழற்றினால் புருஷனுக்கு ஆபத்து!” தாய்மார்களே! உங்கள் உயிருக்கே ஆபத்து வந்திருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் புருஷனுடைய உயிரைக் கயிற்றில் முடிந்து வைத்திருப்பதாக நம்புகிறீர்களே! புருஷன் உங்கள் உயிரை எந்தக் கயிற்றில் முடிந்து தன் கழுத்தில் போட்டிருக்கிறான்? அவனுக்கு எக்ஸ்ரே எடுக்கும்போது மனைவி செத்துப் போவாளே என்று எதையாவது கழற்றப் பயப்பட்டானா? தாலி கட்டாமலே வாழ்கிற கோடிக்கணக்கான மக்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் புருஷர்களெல்லாம் செத்தா போனார்கள்? பத்து நிமிஷம் கழற்றி வைத்தால் புருஷன் சாவான் என்றால், அப்படிப்பட்ட கயிற்றை எதற்காகக் கட்டிக் கொள்ள வேண்டும்?

கழுத்துத் தாயத்தும் அப்படியே. நோய் வராமல் காக்கக் கட்டிய தாயத்து, வந்த நோயை வைத்தியன் கண்ணுக்கு மறைக்கிறது என்றால் அது யாருக்கு உதவி செய்கிறது? அன்றியும், மார்பிலும் அக்குளிலும் பவுடரோ, களிம்போ, வாசனைப் பூச்சோ போட்டுக் கொண்டு போகக்கூடாது. துத்தநாகம், அலுமினியம் போன்ற சத்துள்ள பூச்சு படத்தில் வெள்ளைப் பொடியாக விழும். நான் சொன்னேனே, புற்றுக்கு அடையாளமாகக்கூடிய சுண்ணப் பொடி என்று, அதைப் போலவே தெரிந்து வீண் கலவரம் உண்டாக்கும். சாம்பலிலும் சுண்ணச் சத்து உண்டு. ஆகவே நெஞ்சில் பூசிய திருநீற்றையும் துடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். குளித்துத் துடைத்துக் கொண்டு வெறும் உடம்போடு போவதே நல்லது.

யந்திரத்தையும் சாமியாக்காதீர்கள்

தோழர்களே, ஒன்றை ஜாக்கிரதையாகக் கேளுங்கள். பல்லியை விட்டுவிட்டு யந்திரத்துக்குச் சூடம் கொளுத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. மார்புப் படம் எல்லாப் புற்றையும் காட்டிவிடாது. தப்புகிறதும் உண்டு. நோயில்லாதவரைச் சந்தேகப்பட வைப்பதும் உண்டு. படத்தில் சந்தேகம் வந்தால் ஊசியால் சிறு துண்டு எடுத்துச் சோதித்துத்தான் புற்றா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும். இளவயதுப் பெண்களுக்குச் சுரப்பி நெருக்கமாயிருப்பதால் படம் வெள்ளையாக விழுந்து பிரயோஜனப்படாது. 40 வயதுக்குக் கீழே கட்டி கண்டால் பெரும்பாலும் ஒலி அலைச் சோதனையைத்தான் முதலில் செய்வார்கள். கதிரினால் அறவே கெடுதல் இல்லை என்றும் சொல்லக்கூடாது. அதனால்தான் அமெரிக்காவில் மாதிரி மார்பை வைத்துச் சோதிக்கும்போது ஒரு படத்துக்கு 3 மில்லிகிரேக்கு மேல் போகக்கூடாது என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அந்தச் சிறு அளவால் வரக்கூடிய கெடுதலைவிடத் தக்க வயதில் கிடைக்கிற நன்மை அதிகம்.

யந்திரமில்லாத ஊரில் என்ன செய்வது? பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியார் 1998-ல் ஆரம்பித்துச் சுமார் ஒன்றரை லட்சம் ஏழைப் பெண்களிடம் ஒரு பரீட்சை நடத்தினார்கள். பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் சோதித்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் இந்த நோயால் ஏற்பட்ட சாவு ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. 50-க்குக் கீழ்ப்பட்டவர்களிடம் சாவு குறைந்ததாகக் காணவில்லை. அதையும் சொன்னார்கள். இந்திய சர்க்காரும் 2016-ல் 30 முதல் 65 வயது வரை உள்ள பெண்களுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை கைச் சோதனை செய்ய வேண்டும் என்று வழிகாட்டியிருக்கிறது. ஆகவே யந்திரம் இல்லை என்பதைச் சாக்காகச் சொல்ல யாருக்கும் இடமில்லை.

நாம் செய்ய வேண்டியது

தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களை நீங்கள் அறிவீர்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையார் விடாப்பிடியாக உழைத்ததால்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி 12 படுக்கைகளோடு துவங்கிற்று. பெண்ணைப் பொட்டுக் கட்டி விடுகிற கொடுமையையும், பெண்ணை நோயால் சாக விடுகிற கொடுமையையும் ஒரே கண்ணால் பார்த்தவர் அவர். 1925-ல் இதே காஞ்சீபுரத்தில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில்தான் வகுப்புரிமைத் தீர்மானம் மறுக்கப்பட்டுப் பெரியார் வெளியேறினார். இதே ஊரில் பிறந்த அண்ணா 1969-ல் புற்றுநோயால் மறைந்தார். அவர் பெயரால் நம் காரைப்பேட்டையில் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. இத்தனையும் கண் முன்னே இருக்க, இந்த ஊர்ப் பெண் ஒருத்தி கட்டியை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டு பல்லியைத் தொடப் போகலாமா?

ஆண்களுக்கு முதலில் சொல்லுகிறேன். தார் சுற்றுகிறவளும், பாவுக்கு உதவுகிறவளும், உலை வைக்கிறவளும் உங்கள் வீட்டுப் பெண்தான். அவள் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் தறி நின்றுவிடும் என்று கணக்குப் பார்க்காதீர்கள். தறியில் ஒரு இழை அறுந்தால் உடனே நிறுத்தி முடிச்சுப் போடுகிறீர்கள். மனைவிக்குக் கட்டி என்றால் மட்டும் தீபாவளி கழியட்டும் என்கிறீர்கள். இது என்ன நியாயம்? அவளோடு கூடப் போங்கள். ஒரு நாள் அடுப்பைப் பாருங்கள்.

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களைக் கேட்கிறேன். சேலையைப் பரிசோதிக்க ஆள் வைத்திருக்கிறீர்கள். சேலை நெய்கிறவளைப் பரிசோதிக்க வருஷத்தில் ஒரு நாள் கூலி கொடுத்தால் என்ன குறைந்து போகும்?

சர்க்காரிடமும், படமெடுக்கிற தனியார் நிலையங்களிடமும் நாம் கேட்க வேண்டியது இது: படமெடுக்கப் பெண் ஊழியர் வேண்டும். மறைப்பும் மேல்துணியும் வேண்டும். யந்திரம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி சோதிக்கப்பட்டதா என்று கேட்டால் காட்ட வேண்டும். ஓரம் கருகியோ, அக்குள் விழாமலோ படம் வந்தால் “இதுவே போதும்” என்று தள்ளிவிடாமல் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பழைய படம் இருந்தால் வைத்து ஒப்பிட வேண்டும். ஏழைக்கு எடுத்த படம் என்பதற்காகக் கரை மங்கலாயிருந்தால் போதும் என்ற நியாயம் கிடையாது.

தாய்மார்களே! உங்கள் உடம்பு உங்களுடையது. புருஷனுடையதோ, மாமியாருடையதோ, கடவுளுடையதோ அல்ல. கையால் தடவும்போது புதிதாக ஒரு கட்டி, தோலில் ஒரு குழிவு, காம்பிலிருந்து இரத்தக் கசிவு, காம்பு உள்ளிழுப்பு என எது தெரிந்தாலும் அன்றே சொல்லுங்கள். வலியில்லை என்று விடாதீர்கள். இந்தக் கட்டி பெரும்பாலும் ஆரம்பத்தில் வலிக்காது. பத்துக் கட்டியில் பெரும்பாலானவை புற்றாயிருக்காது என்பதும் உண்மை. ஆனால் எது புற்று, எது அல்ல என்பதை அறிவைக் கொண்டு சோதித்தவர்தான் சொல்ல முடியும். சாமியாடி சொல்ல முடியாது.

ஆகவே தோழர்களே! நான் சொன்னதையும் நான் சொன்னேன் என்பதற்காக நம்பாதீர்கள். வைத்தியரைக் கேளுங்கள், விசாரியுங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் செய்யுங்கள். வீட்டுக்குப் போனதும் உங்கள் தாயிடமும், மனைவியிடமும், அக்காள் தங்கையிடமும் இந்த விஷயத்தை வாய்விட்டுப் பேசுங்கள் என்று கேட்டுக் கொண்டு என் சொற்பொழிவை முடித்துக் கொள்ளுகிறேன்.